வண்டி மாறும் இடத்துக் கடைகள்

நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஊட்டிக்காரரோ குன்னூர்க்காரரோ ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்க வேண்டுமென்றால், மலையிறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, கோவை பீளமேட்டுக்கு வந்தாக வேண்டும். ஊட்டியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். வளைவுகளில் பஸ் திணறினால் என்ன ஆவது, மரம் சாய்ந்து வழி அடைபட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் மலைக்காரர்கள் முன்கூட்டியே கிளம்பிவிடுவார்கள். ஆகவே பீளமேட்டில் அவர்களுக்கு எப்போதும் நேரம் மிச்சம் இருக்கும். அந்த மிச்ச நேரத்தில்தான் மறந்துபோன பற்பசையும், கைபேசிக்கான ஒயரும், கழுத்துக்கு வைக்கும் தலையணையும் வாங்கப்படுகின்றன.

விமான நிலையக் கடையில் பயணச் சாமான் வாங்குவதைப் புதுக்காலத்துப் பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். நீலகிரியைப் பொறுத்தவரை அதற்கு இருநூறு வயது. வண்டி மாறுகிற இடத்தில் மனிதர்கள் காத்திருப்பார்கள், காத்திருக்கிற இடத்தில் கடை முளைக்கும். பல்லக்கு, குதிரை வண்டி, பல்சக்கர ரயில், பஸ், விமானம் என்று வாகனம் மாறியபோதெல்லாம் அடிவாரத்துக் கடையின் சரக்கும் மாறியது. அந்தச் சரக்கைப் பார்த்தாலே அந்தந்தக் காலத்தில் மலை யாருக்கு எதற்காக வேண்டியிருந்தது என்று தெரிந்துவிடும்.

1819 ஜனவரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு ஏறி வந்தார். வழியில் கடை என்று ஒன்றும் இல்லை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டி முடிக்க 1823 ஆகிவிட்டது. 1830களில்தான் குன்னூர் மலைப்பாதை வந்தது. மலை ஏறுகிறவர் அரிசியிலிருந்து மெழுகுவர்த்தி வரை எல்லாவற்றையும் சமவெளியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கம்பளி, மருந்து, சமையல் பாத்திரம், படுக்கை எல்லாமே தலைச்சுமை.

அந்தக் காலத்தில் அடிவாரத்தில் முதலில் பேசி முடிக்கவேண்டிய சரக்கு மனிதத் தோள்தான். பல்லக்குக்கு ஆள், மூட்டைக்கு ஆள், வழிகாட்ட ஆள். துரைமார்களின் நாட்குறிப்புகளிலும் வழிகாட்டி நூல்களிலும் மலையின் குளிரும் பசுமையும் பக்கம் பக்கமாக வரும். தூக்கி ஏற்றியவர்கள் கூலிக் கணக்கில் ஒரு வரியாக மட்டும் வருவார்கள். வெறுங்காலோடு, தோளில் தடியை வைத்து, இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒரு மனிதரையும் அவர் பெட்டிகளையும் ஏற்றியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், மடியில் என்ன கட்டிக்கொண்டு போனார்கள் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நீலகிரிப் பயணத்தின் வரலாற்றில் இது பெரிய குறை.

1873இல் சென்னை ரயில்வேயின் தண்டவாளம் மேட்டுப்பாளையத்தை எட்டியது. அதுவரை பவானி ஆற்றங்கரை ஊராக இருந்தது ஒரே வீச்சில் மலையின் வாசலாகிவிட்டது. அதற்குச் சற்று முன்பிருந்தே, 1870 முதல், சென்னை மாகாண அரசாங்கம் கோடைதோறும் ஊட்டிக்குக் குடிபெயரத் தொடங்கியிருந்தது. கவர்னர் போனால் செயலாளர்கள் போவார்கள், செயலாளர்கள் போனால் குமாஸ்தாக்களும் கோப்புகளும் சமையல்காரர்களும் போயாக வேண்டும். ரயிலை விட்டு இறங்கிய இந்தக் கூட்டம் மேட்டுப்பாளையத்தில் டோங்கா எனப்பட்ட குதிரை வண்டிக்கு மாறியது. மலைப்பாதையில் வழிநெடுக மட்டக்குதிரைகளை மாற்றி மாற்றிக் குன்னூருக்கு ஓட்டினார்கள். மூட்டை முடிச்சு மாட்டுவண்டியில் பின்னால் ஊர்ந்து வரும். வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கத் தேவையானதைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விமானப் பயணி கைப்பை வேறு, பெரிய பெட்டி வேறு என்று பிரித்துக் கட்டுகிறாரே, அந்தக் கணக்கை டோங்காப் பயணி அன்றே போட்டிருந்தார்.

கைப்பெட்டியில் தவறாமல் இருந்த ஒன்று கொய்னா. மலையடிவாரக் காடுகள் மலேரியாவுக்குப் பேர்போனவை. குளிர்ந்த மலைக்குப் போகிற வழியிலேயே காய்ச்சல் பிடித்துவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அந்தக் காய்ச்சலுக்கான மருந்து அதே மலையின் உச்சியில் வளர்ந்துகொண்டிருந்தது. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்த சின்கோனாக் கன்றுகள் 1860 தொடங்கி தொட்டபெட்டா, நடுவட்டம் சரிவுகளில் நடப்பட்டன. நடுவட்டத்தில் மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் தொழிற்சாலையும் வந்தது. பின்னாளில் தபால் ஆபீசிலேயே கொய்னாப் பொட்டலம் காசுக்குக் கிடைத்தது. இப்போது பயணிகள் கடைசி நிமிடத்தில் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்பதற்கு மூதாதை அந்தப் பொட்டலம்தான்.

ரயிலடிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நகராது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பெரும்பங்கு சென்னை ஸ்பென்சர் கம்பெனியின் கையில் இருந்தது. ரொட்டி, வெண்ணெய், சூப், சோடா எல்லாம் துரைமார்களுக்கு. படிக்கப் பத்திரிகை வேண்டுமென்றால் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. 1844இல் சென்னையில் தொடங்கிய அந்தக் கடை பின்னால் பல ரயில் நிலையங்களிலும் கடை வைத்தது. ஊட்டி கமர்ஷியல் சாலையிலும் கிளை வந்தது.

நம் ஆட்கள் கட்டுச்சோறோடு வந்தார்கள். புளியோதரையும் எலுமிச்சம் சாதமும் வாழையிலைப் பொட்டலத்தில், தண்ணீர் திருகுமூடிக் கூஜாவில். ருசி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாதியும் அந்தக் கூஜாவுக்குள் இருந்தது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பலகை தொங்கியது. ஒரே கட்டணம் கொடுத்து ஒரே ரயிலில் வந்த இருவர் காபி குடிக்க வேறு வேறு பக்கம் போக வேண்டியிருந்தது. பெரியாரும் அவர் தோழர்களும் தொடர்ந்து நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் அந்தப் பிரிவினை ரயில் நிலையங்களிலிருந்து நீங்கியது. காசு கொடுத்தால் யாரும் எங்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற, இன்று யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத உரிமை அப்படிக் கிடைத்தது.

1899 ஜூனில் மலை ரயில் குன்னூருக்கு ஓடத் தொடங்கியது. 1908 அக்டோபரில் ஊட்டியை எட்டியது. 46 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், 16 குகைகள், 250 பாலங்கள், பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். கல்லாறு தாண்டியதும் இன்ஜினின் பற்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்லைக் கவ்வி, அடிமேல் அடி வைத்து ஏறும். ஊட்டி சேர ஐந்து மணி நேரம் ஆகும்.

இந்த ரயில்தான் மேட்டுப்பாளையத்துக் காலைக் கடைவீதியை உருவாக்கியது. சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்கு மேல் வந்து நிற்கும். மலை ரயில் ஏழு மணி தாண்டிப் புறப்படும். இடையில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, பிளாஸ்கில் பால் வாங்கி, குழந்தைக்குக் குல்லா வாங்கி, இடம் பிடிக்க ஓட வேண்டும். சமவெளியின் வேக்காட்டில் வியர்த்துக்கொண்டே குரங்குக் குல்லாவும் கையுறையும் பேரம் பேசுவார்கள். மேலே போனால் விலை இரட்டிப்பு என்று கடைக்காரர் சொல்வார். அதை நம்பாதவர்கள் ஊட்டியில் தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்தியர்கள் வைத்திருக்கும் ஸ்வெட்டர் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.

பஸ்ஸில் போகிறவர்களின் பட்டியல் வேறு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆகவே எலுமிச்சம் பழம். நகத்தால் தோலைக் கீறி மூக்கருகே பிடித்துக்கொண்டால் குமட்டல் அடங்கும் என்பது பல தலைமுறை நம்பிக்கை. கூடவே புளிப்பு மிட்டாய், வாந்தி மாத்திரை, பழைய செய்தித்தாள், ஒன்றிரண்டு பை. மலைப்பாதையில் குழந்தையோடு போன எந்தத் தாய்க்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம்.

வழியில் ரயில் நிற்கும் இடங்களுக்கும் ஒரு கதை உண்டு. நீராவி இன்ஜினுக்குத் தாகம் அதிகம். கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் ஏறும். இன்ஜின் குடிக்கும்போது பயணிகளும் இறங்கி டீ குடிப்பார்கள். ஹில்குரோவ் நடைமேடையில் வடைப் பொட்டலத்தைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுவது தனி வேலை. சாலைவழியில் அதே பங்கை வகிப்பது பர்லியார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே அரசு பழப்பண்ணை உண்டு. பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் சாலையோரக் கடைகளில் குவிந்துவிடும். தமிழ்நாட்டில் மங்குஸ்தானை மரத்தடியிலேயே வாங்கித் தின்னக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. பர்லியாரில் நிற்காமல் போகிறவர்கள் எதையோ இழக்கிறார்கள்.

மேலிருந்து கீழே வரும் சரக்கில் இந்த வழி பெற்றெடுத்த பெரிய வியாபாரம் ஒன்று. முத்துசாமி முதலியார் என்பவர் ஆங்கிலேயர்களின் தபால்களைக் கோவையிலிருந்து மலைக்குக் கொண்டுசேர்க்கும் ஓட்டக்காரராக இருந்தவர். எந்தத் துரை வீட்டில் என்ன வேண்டும் என்பது ஓடி ஓடி அவருக்குப் பழகியிருக்க வேண்டும். ஆங்கிலேயர் ஒருவரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கி, 1905இல் ஊட்டிப் பக்கம் வண்ணார்பேட்டையில் சின்னதாக ஒரு கடை போட்டார். 1936இல் அந்த வியாபாரம் பெங்களூர் பிரிகேட் சாலைக்கு இறங்கியது. பின்னர் தென்னிந்தியா முழுக்க ‘நீல்கிரீஸ்’ என்று பெயர் பெற்ற சூப்பர் மார்க்கெட் அதுதான். மலைப்பாதையில் சுமந்து நடந்த எத்தனையோ பேரில் ஒருவருடைய உழைப்பாவது கடைப் பலகையாக நிலைத்தது என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

இறங்கும் பயணி வாங்குவதில் முதலிடம் தைலத்துக்கு. 1843இல் கேப்டன் காட்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். விறகுக்காக நட்டார்கள். மரம் மலையையே பிடித்துக்கொண்டது. உதிர்ந்த இலையையும் கழித்த கிளையின் இலையையும் அள்ளி வந்து, பெரிய கொப்பரையில் அடைத்து, தண்ணீர் விட்டு, மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் சுற்றி வந்து சொட்டும். சொட்டுவதில் தண்ணீர் அடியில் தங்கிவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்தால் தைலம். மேகமூட்டமான காலையில் அந்தக் குடிசைப் பக்கம் நடந்தால் மூக்கடைப்பு தானாக விட்டுவிடும். மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, புல்வெளியை அழித்த மரம் என்று சூழலியலாளர்கள் தைல மரத்தின் மேல் வைக்கும் குற்றம் நியாயமானது. இலை பொறுக்கிக் காய்ச்சிப் பிழைப்பவர்களின் அடுப்பும் கூடவே கணக்கில் வர வேண்டும்.

அடுத்தது வர்க்கி. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த மாவு என்ற தாய்மாவுதான் அதன் உயிர். அதைக் கலந்து பிசைந்த மாவை நெய்யோ வனஸ்பதியோ தடவி மடித்து மடித்து, கரடுமுரடாகக் கிள்ளி வைத்து, விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே பொரபொரப்பு, உள்ளே அடுக்கடுக்கு. டீயில் தோய்த்தால் ஒரு விநாடி தாங்கும், இரண்டாவது விநாடியில் கோப்பைக்குள் விழுந்துவிடும். ஊட்டியின் தண்ணீருக்கும் குளிருக்கும்தான் இந்தப் பக்குவம் வரும் என்று அடுமனைக்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். 2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியின் மேல்தட்டில் வைக்காவிட்டால் சென்னை போய்ச் சேர்வதற்குள் அது தூளாகிவிடும் என்பதைப் பயணிகள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

சாக்லேட்டுக்கு எதிரி வெப்பம். ஊட்டியில் 1942 முதல் இயங்கும் கிங் ஸ்டார் போன்ற கடைகள் வீட்டுமுறைச் சாக்லேட்டை ஊரின் அடையாளமாக்கின. குளிர்சாதனப் பெட்டி அரிதாக இருந்த நாட்களில் அந்தத் தொழில் வேரூன்ற மலையின் குளிரே துணை. பர்லியார் தாண்டினால் அந்தத் துணை போய்விடும்.

எல்லோரும் கோடையைக் கழிக்க ஏறியவர்கள் அல்லர். 1964 அக்டோபரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, தங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு வாய்த்தது கோத்தகிரி, குன்னூர், கூடலூர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ நிறுவனம் ஆனது. ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் தகரப் பெட்டிகளுக்குள் அடங்கி இந்த மலைப்பாதையில் ஏறியது. நீலகிரி டீ என்று பொட்டலம் வாங்கும்போது அந்தப் பெட்டிகளையும் நினைப்பது முறை.

இனி பீளமேடு. கோவை விமான நிலையம் 1940இல் தொடங்கியது. அங்கே உள்ளதுபோன்ற கடைகளின் போக்கை உலகெங்கும் மாற்றியது அயர்லாந்தின் ஷானன் விமான நிலையம். அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கும், பயணிகள் காத்திருப்பார்கள். 1947இல் பிரெண்டன் ஓ’ரீகன் அங்கே முதல் தீர்வையில்லாக் கடையைத் திறந்தார். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோது டீக்கடை வந்ததற்கும் ஷானனில் விமானம் எண்ணெய் குடிக்க நின்றபோது கடை வந்ததற்கும் காரணம் ஒன்றே.

2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி அம்பலமானதும் நிலைமை மாறியது. சர்வதேச விமானங்களில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் குப்பிக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது என்றானது. 2012இல் சர்வதேச நிலையமாக உயர்ந்த கோவையிலும் அதே விதி. மகனுக்கு என்று அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பும் பெரிய தைலக் குப்பி சோதனை மேசையிலேயே நின்றுவிடும். சின்னக் குப்பியாக மாற்றிக்கொண்டு வருவதுதான் வழி.

மலையிலும் சோதனை மேசை வந்துவிட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக்குக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் படிப்படியாக இறுகி, 2019இல் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கே தடை வந்தது. கல்லாறு, பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பையைப் பார்க்கிறார்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய பாட்டிலைப் பறிகொடுக்கும்போது கோபம் வரும்தான். யானையின் சாணத்தில் பிளாஸ்டிக் கிடந்ததைக் கண்டவர்கள் அந்தக் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டிலிருந்து கூஜா கொண்டுவந்த காலத்தின் நல்ல பாதி இப்படித் திரும்புகிறது.

விமான நிலையத்தில் டீ விலை நூறு ரூபாயைத் தாண்டுகிறதே என்ற முறையீடு நாடாளுமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீ தரும் உடான் யாத்ரி கஃபே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னைக்கும் வந்தது. பயணிக்கு நல்ல செய்தி. இலை பறிப்பவரின் பக்கமிருந்தும் கணக்குப் போட வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். அந்த ஒரு கிலோவில் நானூறு கோப்பை டீ போடலாம். அந்தப் பச்சை இலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி வட்டாரத்துப் படுகர் சமூகச் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுடைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் 1965 முதல் இருக்கிறது. அது தயாரிக்கும் ‘ஊட்டி டீ’ ரேஷன் கடைகளில் கிடைக்கிறது. கோவை விமான நிலைய விரிவாக்கத்துக்கான நிலம் விமான நிலைய ஆணையத்தின் கைக்குப் போய்விட்டது. புதிய முனையத்தில் யாருக்கு எந்தக் கடை என்று முடிவாகும் முன்பே, இன்கோசர்வ் தேயிலைக்கும், புவிசார் குறியீடு பெற்ற வர்க்கிக்கும், 100 மில்லி லிட்டருக்குள் அடைத்த தைலக் குப்பிக்கும் கட்டுபடியாகும் வாடகையில் ஓர் இடம் ஒதுக்கும்படி மலைக்காரர்கள் இப்போதே மனு கொடுக்க வேண்டும்.